செல்போனில் மிதக்கும் புள்ளிகள் யாருடைய கணக்கு?

போகி நெருங்க நெருங்க, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி. கேமரா காட்சியின் மேல் படம் வரையும் ஏ.ஆர். (மிகை மெய்ம்மை) செயலியைத் திறந்து கேமராவை முற்றத்தில் பிடித்தால் காற்றில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன; போன் காற்றை அளக்கிறதா?

இல்லை. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகளை எந்த போன் கேமராவும் பிடிக்காது. நீங்கள் நிற்கும் இடத்தை வைத்து, வேறெங்கிருந்தோ ஓர் எண்ணை வாங்கி, அதற்கேற்பச் செயலி புள்ளி வரைகிறது. 2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், டெல்லிக் காற்றை வாசகர்களின் அறைக்குள் மிதக்கவிட்டதும் இந்த உத்தியில்தான். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கண்முன் நிறுத்துவது நல்ல காரியம். என் கவலை அந்த எண்ணைப் பற்றியது.

மேலநீலிதநல்லூரில் தேவர் கல்லூரி வாசலில் நின்று போனைத் தூக்கினால், எண் திருநெல்வேலியில் உள்ள காற்று அளவுக் கருவியிலிருந்து வரலாம். செயற்கைக்கோள் கணிப்பிலிருந்தும் வரலாம். அடுத்த தெருவில் டயர் எரிவது இரண்டுக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் சராசரி. அரசின் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளை 24 மணி நேரச் சராசரியாகவே எடுக்கிறது. மார்கழி விடியலில் தரையொட்டிய குளிர்காற்று புகையை மேலே எழ விடாது. 3 மணி நேரம் கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம், மீதி 21 மணி நேரம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி 24ஆல் வகுத்தால் 55. இந்திய வரம்பு 60. அட்டவணைப்படி அந்த நாள் ‘திருப்திகரம்’! உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த நாள் வரம்போ 15. ‘வரம்புக்குள்தான் இருந்தது’ என்று அறிக்கை வந்தால், விடியற்காலை 5 மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மூச்சிரைக்கும் குழந்தை சராசரியைச் சுவாசிப்பதில்லை.

மணிவாரி எண்ணை எடுத்தால் செயலியின் திரை கறுக்கும். நாள் சராசரியை எடுத்தால் அதே புகையில் நின்றாலும் வெளுத்திருக்கும். எதை எடுத்தோம் என்று திரையிலேயே சொல்லாத செயலியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டக் கூடாது.

மற்ற கேள்விகள்:

அரசின் சமீர் செயலியும் வெளிநாட்டுச் செயலியும் ஏன் முரண்படுகின்றன? அளவுகோல்கள் வேறு, மைக்ரோகிராமை ஒப்பிடுங்கள்.

500க்கு மேல் ஏன் காட்டுவதில்லை? நம் குறியீடு அங்கேயே முடிகிறது.

புள்ளி குறைவாக இருந்தால் எரிக்கலாமா? டயரையும் பிளாஸ்டிக்கையும் எந்த எண்ணிலும் எரிக்கக் கூடாது.