டயரும் ஓர் அமானிதம்

வாகனம் என்றதும் எஞ்சினையும் பிரேக்கையும் பற்றித்தான் பேசுவோம். ஆனால் ஓடும் கார் வீதியைத் தொடுவது நான்கு டயர்களால் மட்டுமே. ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடி நழுவினால் எவ்வளவு நல்ல பிரேக்கும் வாகனத்தை நிறுத்தாது.

எங்கள் வீட்டு வாகனத்தின் டயர்களைப் பார்ப்பது என் வேலை. வாப்பா கற்றுத்தந்தபடி மூன்று விடயங்களைக் கவனிக்கிறேன்.

முதலாவது, காற்று. எத்தனை பீ.எஸ்.ஐ. அமுக்கம் வேண்டும் என்பது பெரும்பாலும் சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பதோ அது தாங்கும் உச்ச அளவு. அந்த அளவுக்குக் காற்றடிக்கக் கூடாது. ஓடிய டயர் சூடாகி அமுக்கத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே காலையில், வாகனம் ஓடுமுன் அளப்பதே சரி. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். பாரமும் கூடி, அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் டயர் வெடிக்கவும் கூடும்.

தேய்மானமே காரணத்தைச் சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் எலைன்மன்ட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தவாளிப்புகள். மழைநீரை வெளியேற்றுவது இவைதான். இவற்றின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. டயரின் மேற்பரப்பு அம்மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த டயர் நீரின் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வாகனம் திரும்பாது. மழைநாளில் கடுகண்ணாவை வளைவுகளில் இப்படி நேர்ந்தால் என்னாகும்?

மூன்றாவது, வயது. பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் இறுகி வெடிப்பு விடும். எனவே மேலதிக டயரையும் பார்க்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளையைப் பாடசாலை வேனில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்கிறோம், நேரத்தைக் கேட்கிறோம். ஒருமுறை குனிந்து அதன் டயர்களையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் சாரதியிடம் தயங்காமல் சொல்லுங்கள். தோழியரே, நீங்களும் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். உயிர் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைச் சுமந்து செல்லும் டயரைப் பேணுவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே.