வேலை எங்கே? ஆள் எங்கே? கணக்குச் சொல்லும் புதிய பதிவேடு!

வீட்டில் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அடுத்து என்ன படிக்க வைப்பது?

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லை. அம்மா களை எடுக்கப் போகிறவர். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள்தான் இந்தப் பெண்.

“நர்சிங்கில் சேர்த்துவிடு” என்கிறார் மாமா.

“இன்ஜினீயரிங்தான் கௌரவம்” என்கிறார் சித்தப்பா.

“செருப்புக் கம்பெனி வரப்போகிறதாம். பேசாமல் அங்கே அனுப்பு” என்கிறார்கள் டீக்கடையில்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்ணையே கேட்கிறார்.

“நீ என்னம்மா சொல்றே?”

“எந்த வேலைக்கு எத்தனை ஆள் வேணும்னு தெரிஞ்சா சொல்லிடுவேன், அப்பா!”

பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. மாமா சொன்னது ஆசை. சித்தப்பா சொன்னது பெருமை. டீக்கடையில் சொன்னது பேச்சு. ஒருவரிடமும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் இரண்டு வருஷப் படிப்பையும் கடன் வாங்கிய பணத்தையும் எப்படிப் போடுவது? “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கலெக்டருக்கும் அதே கேள்வி

இந்தக் கேள்வி அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உள்ளதல்ல. அரசாங்கத்துக்கும் இதே கேள்விதான்.

ஐ.டி.ஐ.யில் எந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுப்பது? பிட்டரா, எலெக்ட்ரீஷியனா, தையலா? எத்தனை இடம் வைப்பது? கலெக்டர் தலைமையில் மாவட்டந்தோறும் திறன் குழு இருக்கிறது. “நம் மாவட்டத்தில் என்ன வேலை வளர்கிறது, அதற்கு யாரைப் பழக்க வேண்டும்” என்று திட்டம் போடுவது அதன் வேலை. அந்தக் குழுவுக்கும் கணக்குத்தான் வேண்டும்.

இப்போது அந்தக் கணக்கை இணையதளங்கள் வழியாகச் சேர்க்கிறார்கள். அது எப்படி? அதில் நமக்கு என்ன வேலை? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

இரண்டு மாவட்டம், மாறிவரும் தொழில்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு கொடியில் காய்த்த காய்கள். இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்துப் பூமி. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டம் ஆயிற்று.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி பெரம்பலூரில் 5,65,223 பேர். தமிழ்நாட்டிலேயே ஜனத்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். அரியலூரில் 7,54,894 பேர். இரண்டு மாவட்டத்திலும் ஆண்களைவிடப் பெண்கள் சற்று அதிகம்.

பெரம்பலூர் என்றால் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி. அரியலூர் என்றால் சிமெண்டு. ஒரு காலத்தில் அரியலூர் கடலுக்கு அடியில் கிடந்த இடம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்டாகிறது. அரசு சிமெண்டு ஆலை 1979-ல் வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன.

சிமெண்டு ஆலை பார்ப்பதற்கு மலை போல இருக்கும். ஆனால் வேலையில் பெரும்பகுதியை இயந்திரம் செய்துவிடும். பிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், லாரி டிரைவர் என்று சில வகை ஆட்கள்தான் அங்கே தேவை.

காலணித் தொழிற்சாலை அப்படியல்ல. அங்கே வெட்டவும், தைக்கவும், ஒட்டவும், சரிபார்க்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அதிலும் பெண்களுக்குத்தான் அதிக இடம்.

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2023-ல் அங்கே உற்பத்தி தொடங்கிவிட்டது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நாட்டு நிறுவனம் ஒன்றின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ரூ.1,000 கோடி முதலீடு, சுமார் 15,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது.

ஐ.டி.ஐ. படிப்பு ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம். தொழிற்சாலை திறந்த பிறகு பயிற்சியைத் தொடங்கினால் என்ன ஆகும்? ஆலை நம் ஊரில் இருக்கும். பழகிய ஆள் வேறு ஊரிலிருந்து வருவார். நம் பிள்ளை கேட்டுக்கு வெளியே நிற்பான்!

ஆகவே, கணக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பழைய பதிவேடு

இந்தக் கணக்கு நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ம் ஆண்டு. சண்டைக்குப் போன சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கத்தான் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பிறந்தன. 1948-ல் எல்லாருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் அவற்றின் நிர்வாகம் மாநில அரசுகளிடம் வந்தது.

1959-ல் ஒரு சட்டம் செய்தார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் கணக்கும் அனுப்ப வேண்டியிருந்தது.

“அப்படியானால் அங்கே பதிந்தவருக்குத்தான் வேலை கொடுக்க வேண்டுமா?” என்று கேட்பீர்கள். இல்லை! சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காலி இடத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாட்டில் எங்கே வேலை இருக்கிறது என்று அரசு தெரிந்துகொள்வதே நோக்கம். அந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது.

வேலைகளுக்குப் பேர் வைத்து, வகை பிரித்து, 1958-ல் முதல் பட்டியலும் போட்டார்கள். 2015-ம் ஆண்டுப் பட்டியலில் சுமார் 3,600 வகைத் தொழில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் 8 இலக்க எண் உண்டு.

எதற்கு எண்? நாம் ‘தையல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ரவிக்கை தைப்பவரும் தையல்காரர்தான். ஷூவின் மேல்தோலைத் தைப்பவரும் தையல்காரர்தான். ஆனால் ஒருவர் வேலை மற்றவருக்கு வராது. எண் இருந்தால் குழப்பம் இல்லை. அமெரிக்காவில் 1939-லேயே சுமார் 17,500 வேலைகளுக்கு விளக்கம் எழுதிப் புத்தகம் போட்டார்கள். இன்று அந்த விவரம் இணையதளத்தில் இருக்கிறது. எந்த வேலைக்கு என்ன திறமை வேண்டும் என்று அங்கே பள்ளிப் பையன்கூடப் பார்த்துக்கொள்கிறான்.

புதிய பதிவேடு

நம் நாட்டிலும் பதிவேடு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை வீட்டிலிருந்தே இணையதளத்தில் செய்யலாம். மத்திய அரசின் தேசியத் தொழில் வழிகாட்டிச் சேவைத் தளம் 2015 ஜூலையில் வந்தது. தமிழ்நாடு அரசு தனியார் வேலைகளுக்கென்றே 2020-ல் ஒரு தளம் தொடங்கியது. கொத்தனார், சித்தாள், வீட்டு வேலை செய்பவர் போன்ற அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் வந்தது. அதில் நாடு முழுவதும் 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? பழைய காலத்தில் ஒரு மாவட்டத்தின் கணக்கைக் கூட்டிப் பார்க்க மாதக் கணக்கில் ஆகும். இப்போது அப்படியல்ல. வேலை தேடுவோரில் தையல் தெரிந்தவர் எத்தனை பேர், வெல்டிங் தெரிந்தவர் எத்தனை பேர் என்று உடனே பிரித்துப் பார்க்கலாம். நிறுவனங்கள் கேட்கும் ஆளோடு ஒப்பிடலாம். குறைகிற இடத்தில் பயிற்சி தொடங்கலாம். நிறைந்து வழிகிற படிப்பில் இடத்தைக் குறைக்கலாம்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய இயந்திரங்களோடு ரூ.2,877 கோடிச் செலவில் மாற்றியமைத்தார்கள். இவ்வளவு பணம் போடும்போது எந்த ஊரில் எந்த இயந்திரம் என்று அளந்துதானே போட வேண்டும்!

கணக்கு எங்கே கெடுகிறது?

பதிவேடு கம்ப்யூட்டரில் இருக்கலாம். அதில் எழுதியிருப்பது பொய்யானால்?

ஒரு பெண் பத்து வருஷத்துக்கு முன் பேரைப் பதிந்தாள். பிறகு திருப்பூருக்குப் போய் நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனாலும் தவறாமல் பதிவைப் புதுப்பிக்கிறாள். புதிய வேலையை மட்டும் எழுதவில்லை. பதிவேட்டில் அவள் வேலையில்லாதவள்!

ஒருவர் பத்தாவது முடித்துப் பதிந்தார். பிறகு துபாய் போய் டைல்ஸ் ஒட்டுவதில் கெட்டிக்காரர் ஆனார். ஊருக்குத் திரும்பிவிட்டார். பதிவேட்டில் அவர் இன்னும் வெறும் பத்தாவதுதான்! அவர் கைத்தொழில் யாருக்கும் தெரியாது.

ஒரு கடை முதலாளிக்கு இரண்டு ஆள் வேண்டும். தெரிந்தவரிடம் சொல்லி வைக்கிறார். தளத்தில் போடவில்லை. அந்த வேலை கணக்கிலேயே வராது.

இது மூன்றாவது குறை, பெரிய குறை. பெரிய கம்பெனி வேலை இணையத்தில் தெரியும். வெங்காயம் ஆயும் வேலையும் கட்டட வேலையும் டீக்கடையில்தான் தெரியும். இணையத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால், பாதி ஊர் கண்ணில் படாது.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கும் இருக்கிறது. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தார் 2017-லிருந்து இதை நடத்துகிறார்கள். “கடந்த 7 நாளில் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டுக் கையிலுள்ள கருவியில் பதிகிறார்கள். அந்த 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் ‘வேலையில் இருப்பவர்’ என்றுதான் கணக்கு. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து நாட்டின் வேலைக் கணக்கை மாதந்தோறும் எடுக்கிறார்கள். வீடுகளைத் தேர்ந்தெடுப்பதும் இப்போது மாவட்ட வாரியாகத்தான்.

அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் விரட்டாதீர்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு, உள்ளதைச் சொல்லுங்கள். வரி போடுவதற்காக வருகிறவர்கள் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: வேலைவாய்ப்புப் பதிவை 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அப்போதே புதிய படிப்பையும் புதிய தொழிலையும் சேர்த்து எழுதுங்கள். ஆள் வேலையில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இரண்டு: சான்றிதழ் இல்லாத கைத்தொழிலுக்கும் மதிப்பு உண்டு. அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்று: கம்ப்யூட்டர் தெரியாது என்று தயங்க வேண்டாம். அரசு தளங்களில் பேரைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

நான்கு: நீங்கள் முதலாளியா? இரண்டு ஆள் வேண்டுமானாலும் தளத்தில் போடுங்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் மாவட்டக் கணக்கு ஆகும்.

பெண் என்ன செய்தாள்?

முந்திரிக் கொல்லைக்காரர் மகளுக்கு வருவோம். அவள் அப்பாவோடு இ-சேவை மையத்துக்குப் போகிறாள். பேரைப் பதிகிறாள். தளத்தில் சுற்றுவட்டாரத்து வேலைகளைப் பார்க்கிறாள். சம்பளம் எவ்வளவு, என்ன பயிற்சி வேண்டும், பஸ் வசதி உண்டா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். அரசு ஐ.டி.ஐ.யில் என்னென்ன தொழில் இருக்கிறது என்றும் விசாரிக்கிறாள்.

அவள் நர்சிங் படிக்கலாம். இன்ஜினீயரிங் படிக்கலாம். காலணித் தொழிற்சாலைக்கும் போகலாம். அது அவள் இஷ்டம். கணக்கு யாருக்கும் உத்தரவு போடாது. வழி எங்கே போகிறது என்று காட்டும். நடக்க வேண்டியவர் நாம்தான்.

அவள் பேரைப் பதிந்ததால் இன்னொன்றும் நடந்தது. பிளஸ் டூ முடித்து வேலை தேடும் பெண் இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று அரசுக்குத் தெரிந்துவிட்டது. இப்படி ஆயிரம் பேர் உள்ளதை எழுதினால், அடுத்த வருஷம் பயிற்சிக்கு எத்தனை இடம் வேண்டும் என்று திறன் குழு யாரையும் கேட்கவே வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் பேர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா? அதில் எழுதியிருப்பது இன்றைக்கும் உண்மைதானா? இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருப்பீர்கள். ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!