எத்தனை கன்று பிழைத்தது?

மாட்டுங்காவில் மல்லிகைப்பூ விற்கிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் பெண்கள் வாங்கித் தலையில் வைக்கிறார்கள். தாதர் பூச்சந்தைக்கு இந்தப் பூ பல ஊர்களிலிருந்து வருகிறது. அதில் ஒன்று ஜவ்ஹார்.

ஜவ்ஹார் எங்கே இருக்கிறது? மும்பைக்கு வடக்கே, பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது. அது மலைப்பகுதி. ஆதிவாசி மக்கள் அதிகம். மழைக்காலத்தில் நெல்லும் கேழ்வரகும் விளையும். மழை நின்றால் வேலை இல்லை. தீபாவளி முடிந்ததும் பலர் குடும்பத்தோடு கிளம்புவார்கள். செங்கல் சூளைக்குப் போவார்கள். கட்டட வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும். பிழைப்புக்காக ஊரை விட்டு வருவது எப்படி இருக்கும் என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த நிலையை மாற்ற ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் 'வாடி'. தமிழில் விறகுவாடி, மரவாடி என்கிறோமே, அது வேறு. இங்கே வாடி என்றால் தோட்டம். காந்தியடிகளின் தொண்டர் மணிபாய் தேசாய் 1967-ல் 'பைஃப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1982-ல் குஜராத்தில் வான்ஸ்தா பகுதியில் வாடித் திட்டத்தை ஆரம்பித்தது. பிறகு அது ஜவ்ஹாருக்கும் வந்தது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். அதில் மாங்கன்று, முந்திரிக்கன்று நடுவார்கள். சுற்றிலும் விறகுக்கும் வேலிக்கும் ஆகிற மரங்கள். மா காய்க்கச் சில வருடம் ஆகும். அதுவரை நடுவில் தானியம், காய்கறி போடலாம். ஜவ்ஹாரில் மல்லிகையும் போட்டார்கள்.

சரி, திட்டம் பலன் தந்ததா? எப்படித் தெரிந்துகொள்வது?

'இத்தனை லட்சம் கன்று நட்டோம்' என்று கணக்குக் காட்டுவது சுலபம். நட்ட கன்றெல்லாம் மரம் ஆகிவிடுமா? ஒருவர் 60 கன்று நட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து 45 நிற்கிறது. மீதி 15 என்ன ஆயிற்று? ஆடு தின்றதா? கோடையில் காய்ந்ததா? கன்றே மட்டமா? இது நட்டவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் எழுதும் அறிக்கை அரைக் கணக்குதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது? அதற்கும் வழி உண்டு. 1990-ஐ ஒட்டி இந்தியாவில் பல ஊர்களில் இந்த முறை பரவியது. ஊர்க்காரர்களே தரையில் கோலமாவால் ஊர்ப்படம் வரைவார்கள். விதைகளை வைத்து எண்ணுவார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை மரம், எத்தனை மாதச் சாப்பாடு, எவ்வளவு கடன் என்று விதையே சொல்லிவிடும். ஒருவர் தப்பாக வைத்தால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார்.

ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கேட்கவேண்டும். ஆண்கள் பழம் விற்ற பணத்தைச் சொல்வார்கள். பெண்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். கோடையில் கன்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது யார்? விறகுக்கு நடக்கும் தூரம் குறைந்ததா? பூ விற்ற காசு யார் கையில் இருக்கிறது?

கடைசியாக ஒரு கேள்வி. ஊர்ப்படத்தில் ஒவ்வொரு வீட்டையும் காட்டிக் கேட்பார்கள்: 'போன தீபாவளிக்குப் பிறகு இந்த வீடு பூட்டிக் கிடந்ததா?' பூட்டிய வீட்டின்மேல் ஒரு விதை வைக்கவேண்டும். வாடி வந்த வருடத்துக்கு ஒரு படம், இந்த வருடத்துக்கு ஒரு படம். இரண்டிலும் விதைகளை ஊரே எண்ணிப் பார்க்கும்.