துளை அட்டையில் பிறந்த குறிகள்

பள்ளிக் கணக்கில் × என்று போட்ட கை, நிரல் எழுத உட்கார்ந்ததும் * போடுகிறது. அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம். இந்தப் பழக்கத்தின் வேர் ஐபிஎம் நிறுவனத்தின் 026 என்ற துளையிடும் இயந்திரத்தில் இருக்கிறது.

ஜான் பேக்கஸும் குழுவினரும் ஐபிஎம் 704 கணினிக்காக உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தது. நிரல்கள் அட்டையில் துளைகளாகப் பதிவான காலம் அது. 026-இன் விசைகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள் மட்டுமே இருந்தன. × இல்லை, < இல்லை, எண்ணின் தலைமேல் சிறிதாக அடுக்கு எழுத வழியும் இல்லை. இருந்த நட்சத்திரமே பெருக்கல் ஆயிற்று. ‘இதைவிடச் சிறியதா’ என்று கேட்க, ஃபோர்ட்ரான் 4 இரு புள்ளிகளுக்கு நடுவே ‘எல்டி’ என்ற எழுத்துகளை வைத்தது. < குறி அம்மொழிக்குள் நுழைந்தது ஃபோர்ட்ரான் 90-இல்தான்.

வரியின் நீளத்தையும் இயந்திரமே வகுத்தது. அட்டையில் 80 பத்திகள் உண்டு. ஆனால் 704-இன் அட்டை வாசிப்பான், ஒரு வரிசையை 36 பிட் நீளமுள்ள இரண்டு சொற்களாகவே உள்வாங்கும். ஆகவே நிரலுக்கு 72 பத்தி. மிச்சம் 8 பத்தியில் அட்டையின் வரிசை எண். கட்டு கைதவறிச் சிதறினால் மறுபடி அடுக்க அந்த எண்தான் கதி.

சி மொழியின் ++ பற்றி நிரலாளர்களிடையே ஒரு கதை உலவுகிறது: பிடிபி-11 கணினியில் முகவரியைத் தானாகவே கூட்டும் வசதி இருந்ததாம், அதைப் பயன்படுத்தவே இந்தக் குறி பிறந்ததாம். சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி, 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் இதை மறுத்தார். ++ குறியைக் கென் தாம்சன் புகுத்தியது சி-க்கு முந்தைய பி மொழியில். அப்போது பிடிபி-11 வரவே இல்லை. தாம்சன் கையில் இருந்தது 8,192 சொற்களே கொள்ளும் நினைவகமுடைய பிடிபி-7. அதில், மறைமுக முகவரியாகப் பயன்படுத்தினாலே மதிப்பு ஒன்று கூடும் சில நினைவக அறைகள் இருந்தன. எண்ணத்தைத் தூண்டியவை அவையாக இருக்கலாம் என்கிறார் ரிச்சி. அவர் அதைவிட வலுவாகக் கருதும் காரணம் சிக்கனம். ‘ஒன்றைக் கூட்டி மீண்டும் வை’ என்று விரித்து எழுதுவதைவிட ++ என்பதன் இயந்திர மொழிபெயர்ப்பு சிறியது. அவ்வளவு குறுகிய நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டியது என்பதால், இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

1991-இல் வெளிவந்த பைத்தான் மொழி ++ குறியை ஏற்கவில்லை. ஆனால் அடுக்குக்கு அதே இரண்டு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டது. அதன் நடைக் கையேடு வரிக்கு 79 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று இன்றும் சொல்கிறது.