சிம்பன்சியைப் பார்க்கப் போகும்போது மாஸ்க் எதற்கு? மகாலே காட்டின் ஒரு மணி நேர விதி

இரண்டு, மூன்று விமானங்கள், ஒரு படகு, அதற்குப் பிறகு மலையேற்றம். செலவு லட்சங்களில். இத்தனைக்கும் பிறகு காட்டு சிம்பன்சிகளின் முன்னால் இருக்கக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு, பத்து மீட்டர் தள்ளி. தான்சானியாவின் மகாலே மலைகள் தேசியப் பூங்காவில் இதுதான் சட்டம்.

கோவிட் போய்விட்டதே, இன்னும் எதற்கு மாஸ்க் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கோவிட் என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத காலத்திலேயே இங்கே மாஸ்க் வந்துவிட்டது. அது பயணியைக் காப்பாற்ற இல்லை, சிம்பன்சியைக் காப்பாற்ற!

எங்கே இருக்கிறது இந்தக் காடு?

தான்சானியாவின் மேற்கு ஓரத்தில், தாங்கனிக்கா ஏரியின் கரையில். ஏரி என்றதும் அக்கரை தெரியும் சின்ன நீர்நிலையை நினைத்துவிட வேண்டாம். 670 கிலோமீட்டர் நீளம், 1,470 மீட்டர் ஆழம், உலகின் இரண்டாவது ஆழமான ஏரி. அதன் கரையிலிருந்து செங்குத்தாக எழும் மலைத்தொடர்தான் மகாலே. உயரமான சிகரம் 2,462 மீட்டர். பூங்காவின் பரப்பு 1,613 சதுர கிலோமீட்டர். 1985-ல் தேசியப் பூங்கா ஆனது.

இவ்வளவு பெரிய பூங்காவுக்குள் வண்டி ஓட சாலை கிடையாது. ஜீப் சஃபாரி என்ற பேச்சே இல்லை. பயணிகள் வழக்கமாக டார் எஸ் சலாமிலிருந்து விமானத்திலோ ரயிலிலோ கிகோமா என்ற ஏரிக்கரை ஊருக்கு வருகிறார்கள். அங்கிருந்து தெற்கே பல மணி நேரம் படகு. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் சின்ன விமானத்தில் பூங்கா ஓரத்தில் இறங்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் படகு ஏறித்தான் ஆக வேண்டும்.

இங்குள்ள சிம்பன்சிகள் மனிதர்களைப் பார்த்து ஓடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1965-ல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர் தொஷிசாதா நிஷிதா இங்கே வந்தார். ஆரம்பத்தில் கரும்பும் வாழைப்பழமும் கொடுத்துத்தான் சிம்பன்சிகளைப் பழக்கினார்கள். பிறகு அதனால் வரும் சிக்கல்கள் புரிந்து, 1987-ல் உணவு கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். பயணிகள் இன்று பார்ப்பது ‘எம் குரூப்’ என்று அழைக்கப்படும் கூட்டத்தை. ஏறக்குறைய 60 சிம்பன்சிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அம்மா யார், பாட்டி யார் என்ற பதிவும் உண்டு.

காலையில் என்ன நடக்கும்?

சிம்பன்சி தினமும் சாயங்காலம் மரக்கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை கட்டிக்கொண்டு தூங்கும். மறுநாள் வேறு இடம், வேறு படுக்கை. அதனால் ‘நேற்று இங்கேதான் இருந்தது’ என்ற தகவலை முழுசாக நம்ப முடியாது. விடியற்காலையிலேயே தேடுபவர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். சத்தம், கடித்துப் போட்ட பழம், புது எச்சம் என்று தடம் பிடித்து வயர்லெஸ்ஸில் தகவல் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் பயணிகள் கிளம்புவார்கள். சில நாள் அரை மணி நேர நடை. சில நாள் கொடியையும் வேரையும் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் ஏற்றம். சில நாள் ஒன்றுமே கண்ணில் படாது.

முதலில் காதில்தான் விழும். ‘ஹூ... ஹூ...’ என்று மெதுவாக ஆரம்பித்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து அலறலாக ஏறி, மரத்தின் வேரில் ‘டம் டம்’ என்று அடிப்பதில் முடியும். கூட்டம் நகரத் தொடங்கினால் மனிதர்கள் நடக்கும் அதே பாதையில்தான் வரும். வழிகாட்டி எல்லோரையும் ஓரமாக உட்காரச் சொல்வார். பத்து மீட்டர் விதி சிம்பன்சிக்குத் தெரியாதே! சில நேரம் உங்கள் முழங்காலை ஒட்டியே நடந்து போய்விடும். திரும்பிக்கூடப் பார்க்காது.

மகாலேவில் கவனிக்க வேண்டிய ஒரு காட்சி உண்டு. இரண்டு சிம்பன்சிகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கோத்துக்கொண்டு, மறு கையால் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். இதே ஏரிக்கரையில் வடக்கே இருக்கும் கோம்பேயில், ஜேன் குட்டால் 1960-ல் ஆய்வைத் தொடங்கிய அந்தப் புகழ்பெற்ற காட்டில், இந்தப் பழக்கம் கிடையாது. ஊருக்கு ஊர் வழக்கம் மாறுவது மனிதர்களிடம் மட்டும் இல்லை என்பதற்கு ஆய்வாளர்கள் முதலில் காட்டிய உதாரணங்களில் இது ஒன்று.

இன்னொரு கதை 1987-ல் நடந்தது. சௌசிகு என்ற பெண் சிம்பன்சி சோர்ந்து படுத்திருந்தது. பிறகு எழுந்து, சாதாரணமாக யாரும் சீண்டாத ஒரு கசப்புச் செடியின் தண்டை உரித்து உள்சாற்றை மென்றது. மறுநாள் தேறிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மனும், அந்த மலையின் தோங்வே இனத்தைச் சேர்ந்த முகமெதி செய்பு கலுண்டேயும். அது தங்கள் மக்களும் வயிற்றுக்கோளாறுக்கு எடுக்கும் மருந்து என்று கலுண்டேதான் சொன்னார். விலங்குகள் தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்ப்பது பற்றிய ஆய்வுக்கு இது பெரிய திருப்பமாக அமைந்தது.

சாதாரண சளி எப்படிக் கொல்லும்?

நமக்கும் சிம்பன்சிக்கும் மரபணுவில் ஏறத்தாழ 98.8 சதவீதம் ஒற்றுமை. கேட்க அழகாக இருக்கும் இந்த எண்ணில்தான் வில்லங்கமே. நமக்குள் நுழையத் தெரிந்த வைரஸுக்கு அதற்குள்ளும் நுழையத் தெரியும். ஆனால் குழந்தைப் பருவத்திலிருந்தே சளி பிடித்துப் பிடித்து நமக்கு வந்த எதிர்ப்பு சக்தி அதற்குக் கிடையாது.

2006-ல் மகாலேவின் எம் குரூப்பில் இருமலும் மூச்சுத்திணறலும் பரவின. 65 சிம்பன்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நோயுற்றன. சில இறந்தன. சில அதற்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. மாதிரிகளில் இருந்தது, மனிதர்களுக்குச் சளி, இருமல் தரும் மெட்டாநிமோ வைரஸின் நெருங்கிய சொந்தம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டின் தாய் காட்டிலும் இதே கதை. அங்கே இறந்த சிம்பன்சிகளிடம் இருந்த வைரஸ்கள், அதே காலத்தில் மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்த வகைகளோடு ஒத்துப்போவதை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013-ல் பரவியது ரைனோ வைரஸ் சி. நமக்கு வந்தால் மூக்கு ஒழுகும் வகை. அங்கே 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் 5 இறந்தன. அதே காட்டின் இன்னொரு பெரிய கூட்டத்தில் 2016 கடைசியில் தொடங்கிய மெட்டாநிமோ தொற்றில் சுமார் 205-ல் 25 போய்விட்டன.

ஐந்து, இருபத்தைந்து என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். பெண் சிம்பன்சி குட்டி போடத் தொடங்கவே பத்து வயதைத் தாண்டிவிடும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் ஐந்து, ஆறு வருட இடைவெளி. தாய் இறந்தால் பால் குடிக்கும் குட்டியும் பெரும்பாலும் பிழைக்காது. ஒரு வாரச் சளியில் இழந்ததை ஈடுகட்டப் பல வருடங்கள் வேண்டும். மொத்த ஆப்பிரிக்காவிலும் மிஞ்சியிருப்பவை 1.7 லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை என்பதுதான் மதிப்பீடு.

அப்படியென்றால் யாரும் போகாமல் இருப்பதுதானே நல்லது?

நியாயமான கேள்வி. ஆனால் பதில் அவ்வளவு நேராக இல்லை. தாய் காட்டில் வைரஸைக் கண்டுபிடித்த அதே ஆய்வு, ஆய்வாளர்கள் நடமாடும் பகுதியில் வேட்டை குறைந்திருப்பதையும் சொன்னது. ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் சிம்பன்சிக்குச் சளி வராமல் போகலாம், ஆனால் துப்பாக்கி வரும். பயணிகள் கட்டும் கட்டணத்தில்தான் காவலர் சம்பளத்துக்கும் படகு டீசலுக்கும் ஒரு பங்கு போகிறது. ஆக, காட்டைக் காப்பதும் பயணிதான், ஆபத்தைக் கொண்டுவருவதும் அதே பயணிதான். ஒரு மணி நேரம், பத்து மீட்டர், மாஸ்க், ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் போட்ட ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தை உடைப்பது பெரும்பாலும் செல்போன் கேமராதான். மலை கொரில்லா பார்க்கப் போனவர்கள் 2013 முதல் 2019 வரை இன்ஸ்டாகிராமில் போட்ட 858 படங்களைப் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். 86 சதவீதப் படங்களில் மனிதர்கள் நான்கு மீட்டருக்குள் நின்றார்கள். மாஸ்க் தெரிந்தது 65 படங்களில் மட்டும். கொரில்லாவுக்கும் சளி ஆகாது. பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் பார்க்கும் அடுத்தவருக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்று தோன்றும். அவர் வழிகாட்டியை நச்சரிப்பார். டிப்ஸ் கூடுதலாகத் தருகிறேன் என்பார். மறுக்க வேண்டிய சங்கடம் வழிகாட்டியின் தலையில் விழுகிறது.

போவதென்றால்...

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஆகஸ்டுக்குப் பிறகு சிம்பன்சிகள் கீழ்ச்சரிவுகளுக்கு இறங்கி வருவதால் நடை கொஞ்சம் சுலபம். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். எத்தியோப்பியா, கென்யா வழியாக விமானம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியை டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். கூடவே ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளலாம். காட்டுக்குள் துப்புவது, சாப்பிடுவது, டிஷ்யூவை வீசுவது எல்லாம் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் எந்த வீட்டிலும் சளி முதலில் வருவது குழந்தைக்குத்தான்.

முக்கியமாக, ஒரே ஒரு நாளை மட்டும் நம்பிப் போகக் கூடாது. குறைந்தது மூன்று இரவாவது தங்கும்படி திட்டமிட வேண்டும். கூட்டம் கண்ணில் படாமல் போகலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நீண்ட விமானப் பயணத்தின் ஏசிக் காற்றில் தொண்டை கரகரத்தால் அன்று காட்டுக்குள் போகக் கூடாது. முகாமில் உட்கார்ந்து ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘லேசான இருமல்தான்’ என்று வழிகாட்டியிடம் மறைத்துவிட்டுப் போவது முடியாத காரியம் இல்லை. மூக்கில் கையை விட்டுத் தெர்மாமீட்டர் வைத்து யாரும் சோதிக்கப் போவதும் இல்லை.