நெல் போக மிஞ்சியது

திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் உள்ள செங்கல் நெற்களஞ்சியம், 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டது. உயரம் 35 அடி. 3,000 கலம் நெல் கொள்ளும். நெல் இங்கே வந்தது. வைக்கோல் மாட்டுக்கும் உமி அடுப்புக்கும் போயின. இன்று அவற்றிலிருந்து ஹைட்ரஜனும் எடுக்கலாம்.

எப்படி?

1. காய்ந்த கழிவை மூடிய உலையில் போட்டு, ஆக்சிஜனையும் நீராவியையும் அளவாகச் செலுத்துவார்கள். முழுதாக எரியவிடாததால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயு வரும்.
2. கார்பன் மோனாக்சைடு மீண்டும் நீராவியோடு வினைபுரிந்து மேலும் ஹைட்ரஜன் தரும்.
3. மற்ற வாயுக்களைப் பிரித்தால் தூய ஹைட்ரஜன் மிஞ்சும். உலையின் வெப்பத்தையே நீராவி உண்டாக்கவும் பயன்படுத்தலாம்.

60 எப்படி 100 ஆனது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ். தசப்பாவின் குழு, 1 கிலோ தாவரக் கழிவிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியது. கழிவில் இருப்பதோ சுமார் 60 கிராம்தான். மீதி, நீராவி கொடுத்தது.

உமியைத் தொட்டுப் பாருங்கள்

விரலில் உறுத்தும் சொரசொரப்பு சிலிக்காவினால் வருவது. எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். ஆகவே உமி போடும் உலைக்குச் சாம்பல் வாரும் வசதி கட்டாயம்.

இந்த முறையில் வெளியேறும் கரியமில வாயு, பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. ஆனால் வயலிலிருந்து உலைக்கு வைக்கோல் ஏற்றிவரும் லாரியின் டீசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.