கர்கரே கொலையில் சதியா? வதந்தியும் உண்மையும்

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி இரவு மும்பைக்குள் புகுந்த பயங்கரவாதிகள் 10 பேர். அவர்களால் பலியானவர்கள் 166 பேர்.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆனால் மின்சார ரெயிலிலும், டீக்கடையிலும் ஒரு பேச்சு மட்டும் ஓயவில்லை. "வந்தவன் பாகிஸ்தான்காரனே அல்ல. எல்லாம் இங்கே உள்ளவர்கள் செய்த வேலை" என்கிறார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோவில் கயிறு

துப்பாக்கியுடன் பிடிபட்ட கசாப், கையில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தான். "அவனுக்குக் கோவில் கயிறு எப்படிக் கிடைத்தது?" என்பது முதல் கேள்வி.

இதற்குப் பதில் 2016-ல் கிடைத்தது. லஷ்கர் இயக்கத்துக்காக மும்பையை உளவு பார்த்த டேவிட் ஹெட்லி, அமெரிக்கச் சிறையில் இருந்தபடி வீடியோ மூலம் மும்பை கோர்ட்டில் சாட்சி சொன்னான். சித்தி விநாயகர் கோவிலில் கயிறுகளை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்றான். வந்தவர்களை இந்துக்கள் என்று நம்ப வைக்கவே இந்த ஏற்பாடு!

ஒரே வண்டியில் மூவர்

மாலேகாவ் குண்டுவெடிப்பை விசாரித்து வந்தவர் ஹேமந்த் கர்கரே. அவரும், அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் ஆகியோரும் காமா ஆஸ்பத்திரி அருகே ஒரே வண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். "அவரைத் தீர்த்துக்கட்டவே யாரோ அங்கே அனுப்பினார்கள்" என்பது இரண்டாவது சந்தேகம். மத்திய மந்திரி அந்துலேயே இதைக் கிளப்பினார். சதி எதுவும் இல்லை என்று உள்துறை மந்திரி ப.சிதம்பரம் பாராளுமன்றத்தில் பதில் அளித்தார்.

அதைவிடப் பெரிய பதில் ஒன்று உண்டு. அதே வண்டியின் பின்பகுதியில், குண்டுக் காயத்துடன் இறந்தவர்களுக்கு நடுவே கிடந்து உயிர் பிழைத்தார் போலீஸ்காரர் அருண் ஜாதவ். சுட்டவர்களில் ஒருவன் கசாப் என்று கோர்ட்டில் அடையாளம் காட்டியவர் அவர்தான்.

ஜோடித்த வழக்கா?

"கசாப்பை அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள்" என்பது மூன்றாவது வாதம்.

வழக்கு வாக்குமூலத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. வி.டி. ரெயில் நிலையத்தில் அவன் துப்பாக்கியுடன் நடந்ததைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் படம் எடுத்திருந்தார். காலில் குண்டு பாய்ந்த சிறுமி ஒருத்தி, ஊன்றுகோலுடன் கோர்ட்டுக்கு வந்து அவனை அடையாளம் காட்டினாள். சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில்தான் தீட்டப்பட்டது என்று பாகிஸ்தான் மந்திரியே 2009-ல் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இதே வழக்கில் போலீசார் சேர்த்த இந்தியர்கள் இருவரை, ஆதாரம் போதாது என்று கோர்ட்டு விடுதலை செய்தது. ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தன. போலீஸ் எழுதிக் கொடுத்ததைக் கோர்ட்டு வாசித்திருந்தால் அவர்கள் தப்பியிருக்க முடியுமா?

கேட்க வேண்டிய கேள்வி

கேள்வியே கேட்கக்கூடாது என்பதல்ல. முன்கூட்டி வந்த எச்சரிக்கைகள் என்ன ஆயின? கர்கரே அணிந்திருந்த குண்டு துளைக்காத கவச உடை எப்படிக் காணாமல் போயிற்று? இவை நியாயமான கேள்விகள். இல்லாத சதியைப் பேசிக்கொண்டிருந்தால் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எளிதில் தப்பிவிடுவார்கள்.

அன்று வி.டி.யில் மூட்டை முடிச்சுகளுடன் ரெயிலுக்குக் காத்திருந்தவர்கள், நம்மைப் போல் பிழைக்க வந்து ஊர் திரும்ப இருந்தவர்கள். அவர்களைக் கொன்றவன் யார் என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டாம்.